வாடை இருந்தது என்று எழுதினேன்

மலைப்பகுதிக்கு முதன்முறையாக மாற்றலாகிப் போகும் இளம் டாக்டர்களுக்காக, நரம்பு நோய்களைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். நான் நரம்பியல் நிபுணர் இல்லை. சேர்வராயன் மலையில் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்து, நாய்க்கடிக்கு ஊசி போட்டு, காப்பி எஸ்டேட்டில் மரம் ஏறி விழுந்தவர்களுக்குக் கட்டுப் போட்டுக் காலம் தள்ளியவள். மூளையில் செல்கள் எப்படிச் சாகின்றன, ஏன் சாகின்றன என்று சொல்ல நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. அப்படிச் செல்கள் செத்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். படித்த பிறகு என்மேல் மரியாதை குறைந்தால் குறையட்டும், அது நியாயம்தான்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. மதுவிலக்கு நடப்பில் இருந்தது. குடித்திருப்பதாகச் சந்தேகப்பட்டுப் பிடிப்பவர்களைப் போலீசார் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டி வருவார்கள். டாக்டர் பரிசோதித்து, அச்சடித்த படிவத்தில் நடை எப்படி, பேச்சு எப்படி, கண் எப்படி, வாயில் சாராய வாடை உண்டா என்று நிரப்ப வேண்டும். கடைசி வரியில் போதையில் இருக்கிறார் என்றோ இல்லை என்றோ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கோடை சீசனிலும், மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவிலும் ஒரே நாளில் பத்துப் பேர்கூட வருவார்கள்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. குடித்துவிட்டு வந்த ஆண்பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோவதற்குக் கூச்சமாகவும் அருவருப்பாகவும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒருவன் வேண்டுமென்றே என் முகத்தில் ஊதிவிட்டுச் சிரித்தான். கூட இருந்த போலீஸ்காரர்களும் சிரித்தார்கள். அன்றைக்கு எங்கள் கம்பவுண்டர்தான் ஒரு வழி சொன்னார். என் அப்பா வயது அவருக்கு, என்னை மகள் மாதிரி பார்த்துக்கொண்டவர்.

"நீங்க எதுக்குங்கம்மா இந்த நாத்தத்தையெல்லாம் மோந்துக்கிட்டு? நான் மோந்து பாத்துச் சொல்றனுங்க, நீங்க எழுதிக்குங்க."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அன்றிலிருந்து அவர் முகர்வார், "அடிக்குதுங்கம்மா" என்பார், நான் எழுதுவேன். படிவத்தில் 'நான் நேரில் பரிசோதித்ததில்' என்றுதான் அச்சடித்திருக்கும். அந்த வரியை நான் படிப்பதே இல்லை. வேறு சில பெண் டாக்டர்களும் இப்படித்தான் சமாளித்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஊரோடு ஒத்து வாழ் என்பது இதற்கும் சேர்த்துச் சொன்னதல்ல என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இனி மைதீன் பாயைப் பற்றிச் சொல்கிறேன். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்று பேர் பெற்ற முச்சந்தியில் கம்பளியும் ஸ்வெட்டரும் குடையும் விற்கும் கடை அவருடையது. சேலத்திலிருந்து மலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். ஐம்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். ஆனால் பள்ளிவாசலில் ஏறி நின்று தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லும்போது மட்டும் அந்தக் குரல் வேறு. சம்பளம் எதுவும் இல்லாமல், ஆசையாகச் செய்துவந்தார். அந்த நாளில் அங்கே ஒலிபெருக்கி கிடையாது. காற்று எங்கள் பக்கமாக வீசினால் விடிகாலைப் பாங்கு என் குவார்ட்டர்ஸ் வரை கேட்கும். கடிகாரம் வைத்துக்கொள்ளாமல் நான் அந்தக் குரலுக்குத்தான் எழுந்துகொண்டிருந்தேன். சில மாதங்களாக அது கேட்கவில்லை. காற்றுதான் திசை மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதே சமயத்தில் இரண்டு முறை அவர் இடது தோள் வலி என்று என்னிடம் வந்திருந்தார். இரண்டு முறையும் தடவிக்கொள்ளத் தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவர் எழுந்து நடந்து போகும்போது இடது கை வீசாமல் உடம்போடு ஒட்டியே போனதைப் பார்த்திருக்கிறேன். வலிக்காகப் பிடித்துக்கொண்டு போகிறார் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

திருவிழா நாள் வந்தது. மலையிலேயே வாழவந்தி என்ற ஊரில் பாய்க்கு ஒரு கூட்டாளி உண்டு. சாமையும் ஆரஞ்சும் கொஞ்சம் காப்பியும் வைத்திருந்த மலை விவசாயி. அந்த வீட்டில் ஒரு சாவு. துக்கம் விசாரித்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கிய பாய், ஒண்டிக்கடை இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தார். கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. குட்டிக் குட்டி அடியாக, தன்னால் வேகம் பிடித்து ஓடி, நின்றுகொண்டிருந்த போலீஸ் ஜீப்பில் போய் மோதினார். பேர் என்ன என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் யாருக்கும் காதில் விழவில்லை. முகத்தில் ஒரு பயமோ கெஞ்சலோ இல்லை. கல் மாதிரி பார்த்தார். முறைக்கிறான் என்று எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்த மூன்று பேரும் நன்றாகக் குடித்திருந்தவர்கள்.

ஆஸ்பத்திரியில் அந்த நேரத்தில் கரடியூரிலிருந்து கட்டிலில் வைத்துத் தூக்கி வந்த ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகி, நஞ்சுக்கொடி இறங்காமல் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. சேலத்துக்கு இறக்கினால் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விடும். நானே கையை விட்டு எடுப்பது என்று முடிவு செய்து, எடுத்தும்விட்டேன். ரத்தம் நிற்குமா நிற்காதா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற வேளையில் கம்பவுண்டர் கதவருகே வந்தார். நாலு பேரைக் கொண்டுவந்திருக்கிறார்கள், இன்னும் ஆள் பிடிக்கப் போக வேண்டுமாம், அவசரப்படுத்துகிறார்கள் என்றார்.

நர்சிடம் அந்தப் பெண்ணை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். நாலு பேரும் சுவரோரம் நின்றார்கள். ஒருவன் பாடிக்கொண்டிருந்தான். கடைசியில் மைதீன் பாய், சற்றே முன்னால் குனிந்து நின்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து வேளை தொழுகிறவர் குடித்துவிட்டு வந்து நிற்கிறார் என்று எனக்கு வந்தது சந்தேகம் அல்ல, கோபம்.

"நீங்களுமா பாய்?" என்றேன்.

அவர் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. நான் ஆறடி தள்ளி நின்றேன். கிட்டே போகவில்லை. வாய் ஓரத்தில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. அதையும் போதையின் கணக்கில் சேர்த்தேன்.

கம்பவுண்டரைப் பார்த்தேன். அவர் வரிசையைக் கையால் ஒரு வீசு வீசிக் காட்டி, "நாலு பேருக்கும் அடிக்குதுங்கம்மா" என்றார். போலீஸ்காரர் ஒருவர், "அந்தப் பாய்கிட்ட பேச்சே எழும்பலீங்க. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சும்பாங்க, இவனுக்கு இப்பவே போயிருச்சு" என்று சிரித்தார். நான் வலது கை உறையைக் கழற்றினேன். நாலு படிவத்திலும் நடை தள்ளாட்டம், பேச்சு குளறல், வாடை உண்டு என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். இதைச் சொன்னால் எல்லோரும் என்னை மன்னித்துவிடுவார்கள். அவசரம், பாவம், ஒரு உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்பார்கள். அதனால் அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் நின்று, கை கழுவி, நான் வெளியே வந்தபோது ஜீப் இன்னும் போகவில்லை. டயரில் காற்று இல்லை என்று மாற்றிக்கொண்டிருந்தார்கள். பாய் வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷம் அவரிடம் போய்ப் பேச எனக்குத் தாராளமாக நேரம் இருந்தது. நான் அவரைக் கடந்து குவார்ட்டர்ஸுக்குப் போய் டீ குடித்தேன்.

மற்ற மூன்று பேரும் கோர்ட்டில் ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு, ஒரே நாளில் வேலையை முடித்துக்கொண்டார்கள். பாயையும் எல்லோரும் அப்படியே செய்யச் சொன்னார்கள். "குடிச்சன்னு என் வாயால சொல்ல மாட்டனுங்க" என்று அவர் நின்றுவிட்டார். அதனால் வழக்கு விசாரணைக்குப் போனது, டாக்டர் சாட்சிக்கு எனக்குச் சம்மன் வந்தது. வழக்கு முடிகிற வரைக்கும் அவர் பாங்கு சொல்ல வேண்டாம் என்று பள்ளிவாசல் பெரியவர்கள் சொல்லிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன்.

விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் மனைவி ஆமினா அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, அவுரு குடிச்சாரா இல்லீங்களான்னு கேக்க வரலீங்க. அது அல்லாவுக்குத் தெரியும். அவுரு ஒடம்பக் கொஞ்சம் பாருங்க. சட்டைப் பொத்தான் போட நொம்ப நேரம் ஆவுதுங்க. தூக்கத்துல கத்திக்கிட்டே எட்டி ஒதைக்கிறாரு. முந்தாநேத்து அடுப்புல கொழம்பு தீஞ்சு ஊடெல்லாம் பொகைங்க, பக்கத்துலயே உக்காந்திருந்தவரு ஒரு வாடையும் தெரியலீங்கறாரு."

நான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்தேன். முழங்கையை மடக்கி நீட்டினால் பல்சக்கரம் மாதிரி விட்டு விட்டு இழுத்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னேன். நாலு தட்டில் விரல்கள் சோர்ந்து நின்றன. அந்த முகம் முறைக்கவில்லை, அசைய முடியாமல் இருந்தது. பார்க்கின்சன் நோய் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வராந்தாப் படியில் என்னிடம் இருந்ததும் அதே ஐந்து நிமிஷம்தான்.

படிக்கிற காலத்தில் எங்கள் பேராசிரியர் ஒருவர் வெள்ளைத் தட்டில் இரண்டு மூளைத் துண்டுகளைக் கொண்டுவந்து காட்டியது நினைவுக்கு வந்தது. இரண்டும் நடுமூளையைக் குறுக்கே வெட்டியவை. நல்ல மூளையில் இரண்டு பக்கமும் கண்மை தீட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு இருந்தது. நோயாளியின் துண்டில் அந்த மை அழிந்து வெளுத்திருந்தது. "இந்த ஆள் முதல் தடவை டாக்டரைப் பார்க்கப் போன அன்றைக்கே இதில் பெரும் பங்கு போய்விட்டிருக்கும்" என்றார் அவர்.

அந்தக் கறுப்புச் செல்கள்தான் டோபமின் என்ற ரசாயனத்தைத் தயாரித்து அனுப்பி, நம் அசைவுகளைத் தடையில்லாமல் நடக்க வைக்கின்றன. எண்ணிக்கையில் கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொன்றும் கணக்கில்லாத கிளைகளை நீட்டி ராப்பகலாக வேலை செய்கிறது. அவ்வளவு வேலைக்குச் சக்தி வேண்டும், சக்தி தயாரிக்கும் போதே செல்லுக்குள் கழிவும் சேர்கிறது. ஒரு புரதம் சரியாக மடியாமல் கட்டிகட்டியாகத் தங்கிவிடுகிறது. அதைக் கூட்டிப் பெருக்கித் தள்ள முடியாமல் செல் திணறிச் சாகிறது. ஒரு செல்லின் கோணல் பக்கத்துச் செல்லுக்கும் பரவக்கூடும் என்று இப்போது சொல்கிறார்கள். பலருக்கு அது கறுப்புக் கோட்டில் தொடங்குவதுகூட இல்லையாம். மோப்பத்துக்கான இடத்திலும், குடலை நடத்தும் நரம்புகளிலும், தூக்கத்தை ஆளும் அடிமூளையிலும் பல வருடம் முன்பே ஆரம்பித்துவிடுகிறதாம். முதலில் எது தூண்டிவிடுகிறது என்பது இன்றைக்கும் முழுசாகத் தெரியவில்லை.

இதில் பாதி அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. செத்த செல்களின் வேலையையும் மீதிச் செல்கள் இழுத்துப் போட்டுச் செய்கின்றன. அதனால் வெளியே வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. குரல் கொஞ்சம் இறங்கும், கை கொஞ்சம் வீசாது, தோள் கொஞ்சம் வலிக்கும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வருவதைச் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் நம்மைப் படிக்க வைத்தார்கள்.

பாயிடமும் ஆமினா அம்மாவிடமும் நோயைப் பற்றிச் சொன்னேன். கோர்ட்டிலும் சொல்கிறேன் என்றேன். ஆமினா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த வாடையை நான் முகரவே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் கம்பவுண்டரைக் கூப்பிட்டு, பாயின் வாயை முகர்ந்தாரா என்று கேட்டேன். அவர் முகம் செத்துவிட்டது.

"ஜீப்புலேர்ந்து எறங்கறப்பவே கும்முன்னு அடிச்சுதுங்கம்மா. யாரு வாயின்னு தனித்தனியா மோந்து பாக்கலீங்க. தப்புத்தானுங்க. எனக்கு இன்னும் எட்டு மாசந்தான் சர்வீஸ் இருக்குது. நீங்க கோர்ட்டுல சொல்லிட்டீங்கன்னா பென்ஷன் போயிருங்கம்மா."

சேலத்தில் எனக்கு மூத்த டாக்டர் ஒருவரிடம் யோசனை கேட்கப் போனேன். மரியாதைக்குரியவர், எனக்குப் பல நல்ல விஷயங்களைக் கற்றுக்கொடுத்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நோயைச் சொல், வாடையைத் தொடாதே. ஒரு கையெழுத்தைத் திரும்ப எடுத்தால் நீ மூன்று வருடமாகப் போட்ட அத்தனை கையெழுத்தையும் தோண்டுவார்கள்" என்றார். அவர் பயமுறுத்தியதால் நான் அப்படிச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நான் கேட்க விரும்பிய பதிலைச் சொல்லக்கூடியவர் என்று தெரிந்துதான் அவரிடம் போனேன்.

கோர்ட்டில் நோயை விளக்கமாகவே சொன்னேன். தள்ளாட்டமும் குளறலும் இந்த நோயாலேயே வரலாம் என்றேன். பாயின் வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள், ஐயா. குடிகாரர்களோடு ஒரே ஜீப்பில் ஏற்றிவந்ததுதான் என் கட்சிக்காரர் செய்த குற்றம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வாடை இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களே கிட்டப் போய் முகர்ந்தீர்களா?" என்று கேட்டார்.

பின் வரிசையில் கம்பவுண்டர் உட்கார்ந்திருந்தார். பாய் கூண்டில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் எதுவும் தெரியாது என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

"ஆமாம்" என்றேன்.

நோயாளி என்று இரக்கம் காட்டி, கோர்ட் கலையும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற தண்டனையோடு நீதிபதி முடித்துவிட்டார். பெரிய தண்டனை இல்லை என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். பாய் சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து அவருக்கு மாத்திரை வரவழைத்தேன். குறைந்துபோன டோபமினை ஈடுகட்டும் மாத்திரை அது. ஆரம்பத்தில் அது செய்யும் வேலையைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. ஒரு மாதத்தில் அவர் கம்பளியை உதறி மடித்துப் போட்டார், முகத்தில் சிரிப்பு வந்தது, குரலும் வந்தது. அவர் கடையில் விலை சொல்வது ரோட்டுக்குக் கேட்டது. நோயைப் பற்றிக் கேள்விப்பட்ட பள்ளிவாசல் பெரியவர்கள், நடந்தது நடந்துபோச்சு, திரும்ப வந்து பாங்கு சொல்லுங்கள் என்று அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் அவர் தனியாக என்னிடம் வந்தார். மாத்திரை வாங்குகிற நாள் அல்ல அது.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கோணுங்க. எனக்கு மூக்கு செத்து ரெண்டு மூணு வருசமாச்சு. வாடையே தெரியறதில்லீங்க. அன்னிக்கு வாழவந்தியில, துக்க ஊட்டுல ஒரு டம்ளர்ல என்னமோ கொடுத்தாங்க. வெல்லக் காப்பின்னு நெனச்சுக் குடிச்சனுங்க. எனக்கு மணமும் தெரியல, ருசியும் சரியா தெரியல. நீங்க கிட்டக்க வந்து மோந்து பாத்தன்னு கோர்ட்டுல சொன்னீங்க. நான் நெனவு மங்கி நின்னுக்கிட்டிருந்தன், நீங்க வந்தது எனக்கு ஞாபகமில்லீங்க. நீங்க பொய் சொல்றவங்க இல்ல. நெசமாலுமே எம்மேல வாடை அடிச்சுதுங்களா?"

அங்கே நீதிபதி இல்லை, வக்கீல் இல்லை. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். இல்லை பாய், நான் உங்கள் கிட்டவே வரவில்லை என்று சொல்லியிருந்தால் அவர் யாரிடமும் போய் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் முன்னால் சிறுத்துப்போவதற்கு எனக்கு மனசில்லை.

"லேசாக அடித்தது பாய். அதையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப சரிங்க" என்றார். "தெரியாம உள்ள போனது பாவமில்லீன்னு பள்ளிவாசல்ல தொழ வெக்கிற அசரத்து சொல்றாருங்க. ஆனா அந்த வாயால பாங்கு சொல்ல மனசு கூசுதுங்க. வேற யாராச்சும் சொல்லட்டும்."

அதன் பிறகு அவர் பாங்கு சொல்லவில்லை. தொழுகைக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றுகொள்வார் என்று ஆமினா அம்மா சொன்னார். வாழவந்திக் கூட்டாளி ஒரு கூடை ஆரஞ்சோடு கடைக்கு வந்து, ஏன் ஊட்டுப் பக்கம் வரதில்லை என்று கேட்டாராம். வேலை அதிகம் என்று பதில் சொன்னாராம் பாய். பல வருஷத்துப் பழக்கம் அதோடு நின்றுபோனது. நான் மாதாமாதம் மாத்திரை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மாதமும், அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். கம்பவுண்டர் ஓய்வு பெற்று, பென்ஷனோடு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

இளம் டாக்டர்களே, அந்த மாத்திரையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அது இல்லாத ரசாயனத்தைக் கொடுக்கும், செல்கள் சாவதை நிறுத்தாது. நோயாளி நன்றாக நடமாடுகிற அந்த நாலைந்து வருடமும் உள்ளே கறுப்புக் கோடு அழிந்துகொண்டேதான் இருக்கும். பிறகு மாத்திரையின் பலம் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் தீர்ந்துபோக ஆரம்பிக்கும். அப்புறம் விழுவார்கள், விழுங்கச் சிரமப்படுவார்கள், பலருக்கு நினைவும் கலையும். நோயாளிக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தால், அதற்கென்று இருக்கிற காலம் அந்த நாலைந்து வருடம்தான். இது எனக்குப் பாடமாகவே தெரியும். தெரிந்தே கடத்தினேன்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் எனக்கு மாற்றல் வந்தது. சொல்லாமலே மலையை விட்டு இறங்கினேன். எட்டு வருடம் கழித்து ஒரு கண் முகாமுக்காகத் திரும்ப ஏற்காட்டுக்குப் போனபோதுதான் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

பாய் கட்டிலில் சாய்ந்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். பாதி உடம்பாகியிருந்தார். கண் என்மேல் இருந்தது, ஆனால் என்னை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. ஆமினா அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் தொண்டையைத் தடவி, முழுங்குங்க, முழுங்குங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பவுண்டரை முகர விட்டது, அவரும் சரியாக முகராதது, நான் ஆறடி தள்ளி நின்றது, கோர்ட்டில் சொன்ன பொய், அப்புறம் அறையில் பாய் தனியாக வந்து கேட்டபோது சொன்ன இரண்டாவது பொய். அந்த வாழவந்தி வீட்டில் கொடுத்தது வெறும் வெல்லக் காப்பியாகத்தான் இருந்திருக்கும் என்றும் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

ஆமினா அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். பாயின் காதருகே குனிந்தார்.

"ஏனுங்க, கேக்குதுங்களா? நீங்க குடிக்கலியாமுங்க. டாக்டரம்மா வந்து சொல்றாங்க. உங்க வாயில ஒண்ணுமே இல்லியாமுங்க."

பாய் கஞ்சிக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா இன்னும் உரக்க அதையே சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அப்புறம் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று காத்து நின்றேன். அவர் திட்டவில்லை.

"நாலு வருசம் கொரல் நல்லா இருந்துச்சுங்களே டாக்டரம்மா" என்றார்.